அறிவைச் சேமித்தால் போதுமா? அறிவு முகாமைத்துவ மூலோபாயத்தை நடைமுறைப்படுத்தலும் மீளாய்வு செய்தலும்

ஒரு நிறுவனத்தில் 30 வருடங்கள் வேலை செய்த ஒருவர் ஓய்வு பெறுகின்றார். பொன்னாடை போர்த்தி, மாலை அணிவித்து, எல்லோரும் சேர்ந்து படம் எடுத்து அவரை வழியனுப்பி வைக்கின்றார்கள். அடுத்த மாதம் ஓர் இயந்திரம் நின்றுவிடுகின்றது. கையேட்டில் உள்ள எல்லாவற்றையும் செய்து பார்த்தாயிற்று. "இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்" என்று யாரோ ஒருவர் சொல்ல, ஓய்வு பெற்றவரின் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைத் தேடத் தொடங்குகின்றார்கள். சிறியதோ பெரியதோ, பல நிறுவனங்களில் நடக்கின்ற காட்சி இது.

இந்த நிலையை மாற்றும் நோக்குடனேயே அறிவு முகாமைத்துவம் என்ற துறை 1990களில் வேகமாக வளர்ந்தது. இன்று பெரிய நிறுவனங்கள் பலவற்றில் அதற்கென ஒரு பிரிவு உண்டு, மென்பொருள் உண்டு, பொறுப்பதிகாரியும் உண்டு. ஆரம்ப விழாவும் சிறப்பாகவே நடக்கும். ஆனால் ஒரு வருடம் கழித்து, "இதனால் யாருடைய வேலை மாறியது?" என்று கேட்டால் பதில் கிடைப்பது கடினம். "எத்தனை ஆவணங்கள் சேர்ந்துள்ளன?" என்று கேட்டால் மட்டும் உடனே பதில் வரும்.

அறிவு முகாமைத்துவ மூலோபாயங்கள் பல தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். மூலோபாயத்தை வகுப்பதிலும் மென்பொருளை வாங்குவதிலும் காட்டுகின்ற அக்கறையை அதனை மீளாய்வு செய்வதில் காட்டாத நிறுவனம், செலவழித்த பணத்துக்கு ஒரு களஞ்சியத்தை மட்டுமே பெற்றுக்கொள்கின்றது. மீளாய்வு செய்கின்ற நிறுவனங்களும் சேர்ந்ததை எண்ணுகின்றனவே தவிர, பயன்பட்டதைப் பார்ப்பதில்லை. இதனைச் சில உண்மையான அனுபவங்களின் ஊடாகப் பார்க்கலாம்.

அறிவு என்பது எங்கே இருக்கின்றது?

தரவு, தகவல், அறிவு என்ற மூன்றையும் வேறுபடுத்திப் பார்ப்பது வழக்கம். ஓர் இயந்திரத்தின் வெப்பநிலை 95 பாகை என்பது தரவு. வழமையாக 80 பாகையில் இருப்பது இன்று 95 ஆகியிருக்கின்றது என்பது தகவல். இப்படி ஏறினால் எந்தப் பாகத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று தெரிந்திருப்பது அறிவு. முதல் இரண்டையும் கணினியில் இலகுவாக ஏற்றிவிடலாம். மூன்றாவதன் பெரும்பகுதி மனிதரின் தலையிலும் கையிலும் இருக்கின்றது.

அறிவை வெளிப்படையான அறிவு, உள்ளுறை அறிவு என இரண்டாகப் பிரிப்பர். நூல், கையேடு, சூத்திரம் என எழுத்தில் கொண்டுவரக்கூடியது வெளிப்படையான அறிவு. சைக்கிள் ஓட்டுவதைப் போல, செய்யத் தெரியும் ஆனால் சொல்லத் தெரியாது என்ற நிலையில் இருப்பது உள்ளுறை அறிவு. ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய மைக்கேல் பொலானி என்ற அறிஞர் இக்கருத்தை விளக்கியவர். ஜப்பானிய அறிஞர் இகுஜிரோ நொனாகா இதனை நிறுவனங்களுக்குப் பொருத்திக் காட்டினார். அவரும் ஹிரோடாகா டகெயுச்சியும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்றாகக் கருதப்படுகின்றது.

நொனாகா எடுத்துக்காட்டிய பாண் இயந்திரத்தின் கதை பலரும் அறிந்தது. 1985ஆம் ஆண்டு, பின்னாளில் பனசொனிக் என்று பெயர் மாறிய மட்சுஷிடா நிறுவனம், வீட்டில் பாண் சுடும் இயந்திரம் ஒன்றை உருவாக்க முயன்றது. பாணின் வெளிப்புறம் கருகியது, உள்ளே வேகவில்லை. பொறியியலாளர்கள் மாவை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து ஆராய்ந்தும் காரணம் பிடிபடவில்லை. மென்பொருள் உருவாக்குநரான இகுகோ டனாகா, ஒசாகா நகரில் நல்ல பாணுக்குப் பெயர்பெற்ற ஒரு ஹோட்டலின் தலைமைப் பாண் தயாரிப்பாளரிடம் போய் வேலை பழகினார். அவர் மாவை ஒரு தனி முறையில் இழுத்துப் பிசைவதைக் கவனித்தார். அந்த இழுப்பை இயந்திரத்தில் கொண்டுவருவதற்காக உட்புறத்தில் விசேட வரிமேடுகள் அமைக்கப்பட்டன. இயந்திரம் வெற்றி பெற்றது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பாண் தயாரிப்பாளரிடம் ஒரு படிவத்தைக் கொடுத்து, "உங்கள் அனுபவத்தை 2 பக்கத்தில் எழுதித் தாருங்கள்" என்று கேட்டிருந்தால் அந்த இழுப்பு அதில் வந்திருக்குமா? பெரும்பாலும் வந்திருக்காது. அதைச் செய்பவருக்கே அது ஒரு விசேடமான செயலாகத் தெரிந்திருக்காது. ஆயினும் ஓய்வு பெறும் ஊழியரிடம் கடைசி வாரத்தில் படிவம் நிரப்பச் சொல்வதையே பல நிறுவனங்கள் அறிவு முகாமைத்துவம் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன.

எந்த மூலோபாயம்?

1999ஆம் ஆண்டு ஹார்வர்ட் பிஸ்னஸ் ரிவியூ சஞ்சிகையில் ஹன்சன், நொஹ்ரியா, டியர்னி ஆகிய மூவர் எழுதிய கட்டுரை, அறிவு முகாமைத்துவ மூலோபாயங்களை இரண்டாக வகைப்படுத்தியது.

1. ஆவணப்படுத்தும் மூலோபாயம். அறிவை அதை வைத்திருப்பவரிடமிருந்து பிரித்து எழுத்தாக்கி, தரவுத்தளத்தில் இட்டு, பலர் மீண்டும் மீண்டும் பயன்படுத்தச் செய்தல். ஏர்ன்ஸ்ட் அன்ட் யங் போன்ற ஆலோசனை நிறுவனங்கள் இவ்வழியில் சென்றன.

2. ஆள்வழி மூலோபாயம். அறிவு உள்ளவரையும் அது தேவைப்படுபவரையும் நேரடியாகச் சந்திக்க வைத்தல். மெக்கின்சி, பெய்ன் போன்றவை இவ்வழியைப் பின்பற்றின.

ஒரே மாதிரியான வேலை திரும்பத் திரும்ப வருகின்ற இடத்துக்கு முதலாவது பொருந்தும். ஒவ்வொரு வேலையும் புதிதாக இருக்கின்ற இடத்துக்கு இரண்டாவது பொருந்தும். ஒன்றைப் பிரதானமாகவும் மற்றையதைத் துணையாகவும், ஏறத்தாழ 80க்கு 20 என்ற அளவில் வைத்துக்கொள்ள வேண்டும், இரண்டிலும் சமமாகக் கால் வைப்பவர்கள் இடர்ப்படுவர் என்பது அவர்களின் முடிவு.

இந்த வகைப்பாட்டின் பயன் நடைமுறையில் தெரியும். மென்பொருள் விற்பனையாளர் வந்து விளக்கம் அளித்த பிறகு மூலோபாயத்தை எழுதும் நிறுவனம் தன்னையறியாமலே ஆவணப்படுத்தும் வழியில் போய்விடுகின்றது, ஏனெனில் விற்பனைக்கு வந்தது அதுதான். எந்த வேலையில் எந்த அறிவு இல்லாததால் நட்டம் ஏற்படுகின்றது என்று முதலில் பார்த்த நிறுவனம் மட்டுமே இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் நிலையில் இருக்கின்றது.

நடைமுறைப்படுத்தல்: ஸெரொக்ஸ் தொழில்நுட்பவியலாளர்கள்

நடைமுறைப்படுத்தலுக்கு நல்ல உதாரணம் ஸெரொக்ஸ் நிறுவனம். போட்டோகொப்பி இயந்திரங்களைத் திருத்தும் தொழில்நுட்பவியலாளர்கள் பல்லாயிரம் பேர் அங்கு இருந்தனர். ஒவ்வொருவருக்கும் தடித்த கையேடுகள் வழங்கப்பட்டிருந்தன. இன்ன பிழைக் குறியீடு வந்தால் இன்னதைச் செய் என்று அவற்றில் படிப்படியாக எழுதப்பட்டிருந்தது. கையேட்டின்படி நடந்தால் போதும் என்பதே முகாமைத்துவத்தின் எண்ணம்.

1980களில் அந்நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த மானிடவியலாளர் ஜூலியன் ஓர், இத்தொழில்நுட்பவியலாளர்களுடன் கூடவே திரிந்து அவர்கள் எப்படி வேலை செய்கின்றார்கள் என்று கவனித்தார். அவர் கண்டது வேறு. கையேட்டில் இல்லாத பழுதுகளே அவர்களைச் சிரமப்படுத்தின. காலை உணவின்போதும் தேநீரின்போதும் அவர்கள் ஒருவருக்கொருவர் பழுதுக் கதைகளைச் சொல்லிக்கொண்டனர். "போன வாரம் ஓர் இயந்திரம் இப்படிச் செய்தது, கடைசியில் பார்த்தால் காரணம் வேறு" என்ற வகைக் கதைகள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வீண் அரட்டை. உண்மையில் அந்தத் தொழிலின் பாடசாலையே அதுதான். ஓர் தனது ஆய்வை 1996இல் நூலாக வெளியிட்டார்.

அந்தக் கதைகளை எல்லோருக்கும் எட்டச் செய்வதற்காக யுரேகா என்ற முறைமை உருவாக்கப்பட்டது. 1990களில் முதலில் பிரான்ஸிலும் பின்னர் கனடா, அமெரிக்கா முதலிய நாடுகளிலும் அது நடைமுறைக்கு வந்தது. அது நடைமுறைப்படுத்தப்பட்ட விதத்தில் மூன்று விடயங்கள் முக்கியமானவை.

முதலாவது, என்ன எழுதப்பட வேண்டும் என்பதைத் தலைமையகம் தீர்மானிக்கவில்லை. தொழில்நுட்பவியலாளர் தான் கண்டுபிடித்த தீர்வைத் தானே எழுதினார்.

இரண்டாவது, எழுதியதை அப்படியே வெளியிடவில்லை. அதே தொழிலில் அனுபவமுள்ள சக தொழில்நுட்பவியலாளர்கள் அதைச் சோதித்து, சரியென்று கண்ட பின்னரே மற்றவர்களுக்கு அனுப்பினர். பிழையான குறிப்பை நம்பி வாடிக்கையாளரின் முன்னால் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு நிற்பவர் அடுத்த முறை அந்த முறைமையைத் திறந்தே பார்க்கமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது, குறிப்பை எழுதியவரின் பெயர் அதனுடன் சேர்த்து வெளியிடப்பட்டது. பணப் பரிசு கொடுக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது தொழில்நுட்பவியலாளர்கள் அதை விரும்பவில்லை. பணம் வந்தால் எண்ணிக்கைக்காக எழுதுவார்கள் என்பது அவர்களின் பயம். தம்முடைய தொழிலில் உள்ளவர்கள் தம்மை மதிப்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

பிரேசிலில் இருந்த ஒருவர், சுமார் 40,000 டொலர் பெறுமதியான வர்ண இயந்திரம் ஒன்றை மாற்றிக் கொடுக்கவிருந்த நேரத்தில், கனடாவின் மொன்றியல் நகரைச் சேர்ந்த ஒருவர் எழுதிய குறிப்பைக் கண்டு, ஒரு டொலர்கூடப் பெறாத சிறு பாகத்தை மாற்றி அதைத் திருத்தினார் என்று ஒரு சம்பவம் கூறப்படுகின்றது. யுரேகாவினால் நிறுவனத்துக்குக் கிடைத்த மொத்த மிச்சம் சுமார் 10 கோடி டொலர் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அந்தத் தொகை சரியோ தவறோ, அந்த மதிப்பீடு எதை அளந்தது என்பதே இங்கு முக்கியம். எத்தனை குறிப்புகள் இருக்கின்றன என்பதை விட்டு, திருத்த வேலையில் என்ன மாறியது என்பதை அது அளந்தது.

அளவீடு திசைமாறியபோது: இன்போசிஸ்

தொழில்நுட்பவியலாளர்களின் அந்தப் பயம் நியாயமானதுதான் என்பதை பெங்களூரைத் தலைமையகமாகக் கொண்ட இன்போசிஸ் நிறுவனத்தின் அனுபவம் காட்டுகின்றது. 1981இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் மிக வேகமாக வளர்ந்தது. புதிதாகச் சேரும் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்குப் பழையவர்களின் அனுபவம் போய்ச்சேர வேண்டியிருந்தது. "ஒரு முறை கற்போம், எங்கும் பயன்படுத்துவோம்" என்ற பொருள்படும் வாசகத்துடன் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. கே ஷொப் என்ற பெயரில் உள்ளக இணையத்தளம் ஒன்றும் உருவாக்கப்பட்டது.

எதிர்பார்த்த அளவுக்கு ஆவணங்கள் வந்து சேரவில்லை. எனவே அறிவு நாணய அலகு என்ற புள்ளி முறை அறிமுகம் செய்யப்பட்டது. ஆவணம் ஒன்றைச் சமர்ப்பித்தால் புள்ளி, மற்றவரின் ஆவணத்தைச் சரிபார்த்தால் புள்ளி. சேர்ந்த புள்ளிகளைப் பரிசாக மாற்றிக்கொள்ளவும் முடியும். விளைவு விரைவிலேயே தெரிந்தது. ஆவணங்கள் குவிந்தன. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது பெரும் வெற்றி.

ஆனால் ராகு காருட், அருண் குமாரசுவாமி ஆகிய ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. வந்து குவிந்தவற்றைச் சரிபார்ப்பவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. தரமான ஆவணத்தைத் தேடுபவர், தரமற்றவற்றின் நடுவே அதைக் கண்டுபிடிக்கச் சிரமப்பட்டார். மதிப்பெண்களும் தாராளமாக வழங்கப்பட்டதால் அவற்றை நம்ப முடியவில்லை. அறிவைப் பகிர்வதற்காகக் கொண்டுவந்த ஊக்குவிப்பு, புள்ளி சேர்ப்பதற்கான ஊக்குவிப்பாக மாறிவிட்டது.

இந்த அனுபவத்தில் பாராட்ட வேண்டிய பகுதியும் உண்டு. இன்போசிஸ் இதைக் கவனித்தது, கவனித்ததன்படி முறையையும் மாற்றியது. ஆவணத்தைப் பயன்படுத்தியவர் சொல்லும் கருத்துக்கு அதிக இடம் கொடுக்கப்பட்டது. பணப் பெறுமதியைவிட அங்கீகாரத்துக்கு முக்கியத்துவம் வழங்கப்பட்டது. நடைமுறைப்படுத்திய முதல் முறையிலேயே எல்லாம் சரியாக வந்துவிடும் என்று எந்த நிறுவனமும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்போதே "இது சரியாகத்தான் போகின்றதா?" என்று கேட்கும் துணிவு வேண்டும். அது இல்லாவிட்டால் ஏறுகின்ற வரைபடத்தைக் காட்டியே பல வருடங்களை ஓட்டிவிடலாம்.

மீளாய்வு நடந்தும் மாற்றம் நடக்காதபோது: நாசா

மீளாய்வு செய்வதனால் மட்டும் போதுமா என்றால், போதாது என்பதற்கு அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா உதாரணமாகும்.

கற்ற பாடங்களைச் சேர்த்து வைப்பதற்கென நாசாவிடம் 1990களிலிருந்தே ஒரு தரவுத்தளம் இருந்தது. 1999இல் செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பிய இரண்டு விண்கலங்கள் அடுத்தடுத்துத் தோல்வியடைந்தன. அவற்றில் ஒன்று, ஒரு தரப்பினர் பிரித்தானிய அலகிலும் மறு தரப்பினர் மெட்ரிக் அலகிலும் கணக்கிட்டதால் இழக்கப்பட்டது. இந்தப் பின்னணியில் அமெரிக்கக் காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம் நாசாவின் பாடப் பகிர்வு முறையை ஆராய்ந்து 2002 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. பாடங்கள் ஒழுங்காகத் திரட்டப்படவில்லை, முகாமையாளர்கள் பலர் அத்தரவுத்தளத்தை வழமையாகப் பயன்படுத்துவதில்லை, நேரமின்மையும் தவறை வெளியில் சொல்லத் தயங்கும் பண்பாடும் தடையாக உள்ளன என்று அந்த அறிக்கை கூறியது.

அடுத்த வருடம், 2003 பெப்ரவரி 1ஆம் திகதி, கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறியது. 7 விண்வெளி வீரர்கள் உயிரிழந்தனர். ஏவப்பட்டபோது வெளி எரிபொருள் தாங்கியிலிருந்து கழன்ற நுரைத் துண்டொன்று இடது சிறகின் முன்விளிம்பில் மோதியதே காரணம் என்று கண்டறியப்பட்டது. நுரை கழன்று விழுவது புதிய விடயமல்ல. முன்னைய பல பயணங்களில் அது நடந்திருந்தது. 2002 ஒக்டோபரில் நடந்த பயணத்திலும் நடந்திருந்தது. ஒவ்வொரு முறையும் விண்ணோடம் பத்திரமாகத் திரும்பியதால் அது பராமரிப்புப் பிரச்சினையாகவே பார்க்கப்பட்டு வந்தது. கற்கும் நிறுவனத்துக்குரிய இயல்புகளை நாசா வெளிப்படுத்தவில்லை என்று விபத்து விசாரணைச் சபை தனது அறிக்கையில் குறிப்பிட்டது.

ஒரு தரவுத்தளம் பயன்படாததுதான் இந்த விபத்துக்குக் காரணம் என்று சொல்வது தவறு. காரணங்கள் பல, அவை ஆழமானவை. ஆனால் அறிவு முகாமைத்துவத்தைப் பற்றிச் சிந்திப்பவர்களுக்கு அதில் ஒரு பாடம் உண்டு. நுரை விழுகின்றது என்ற தகவல் நாசாவிடம் இருந்தது, பதிவும் இருந்தது. அந்தப் பதிவு அடுத்த முடிவை எடுப்பவரின் முன்னால் உரிய அர்த்தத்துடன் வந்து நிற்கவில்லை.

இன்னும் வருத்தம் தருவது அதற்குப் பின் நடந்தது. 2012 மார்ச்சில் நாசாவின் பரிசோதகர் நாயகம் அலுவலகம் அதே தரவுத்தளத்தை மீண்டும் ஆராய்ந்தது. செயற்றிட்ட முகாமையாளர்கள் அதை வழமையாகத் தேடிப் பார்ப்பதுமில்லை, அதற்குப் பங்களிப்பதுமில்லை என்பதே அந்த அறிக்கையின் முடிவு. 2002இல் சொல்லப்பட்டது 10 வருடங்கள் கழித்து ஏறத்தாழ அப்படியே மீண்டும் சொல்லப்பட்டது. இடையில் 7 உயிர்கள் போயிருந்தன.

நாசா தலைமை அறிவு அலுவலர் என்ற பதவியை உருவாக்கியது என்பதையும் சொல்ல வேண்டும். தரவுத்தளத்துடன் நின்றுவிடாமல் அனுபவசாலிகளின் கதைகள், நேரடிக் கலந்துரையாடல்கள், பயிற்சிகள் என்பவற்றுக்கும் இடம் கொடுக்கப்பட்டது. ஸெரொக்ஸ் தொழில்நுட்பவியலாளர்கள் தேநீர் மேசையில் செய்ததும் அதைத்தான்.

மீளாய்வில் கேட்க வேண்டியவை

மேற்சொன்ன அனுபவங்களிலிருந்து, மீளாய்வு எப்படி அமைய வேண்டும் என்பதைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. தொடங்குவதற்கு முன்பே அளந்து வைத்தல். ஒரு பழுதைத் திருத்த எவ்வளவு நேரம் செல்கின்றது, ஒரே தவறு வருடத்தில் எத்தனை முறை நடக்கின்றது, புதிய ஊழியர் தனியாக வேலை செய்ய எத்தனை மாதம் எடுக்கின்றது என்று மூலோபாயத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஒப்பிடுவதற்கு அதுவே அடிப்படை. இதைச் செய்யாமல் தொடங்கியவர்களே ஆவண எண்ணிக்கையைக் காட்ட வேண்டிய நிலைக்கு ஆளாகின்றார்கள்.

2. வேலையிலிருந்து பின்னோக்கிப் பார்த்தல். அண்மையில் முடிந்த 10 வேலைகளை எடுத்து, அவற்றைச் செய்தவர்களிடம் சென்று, "இடையில் சிக்கல் வந்தபோது யாரிடம் கேட்டீர்கள், எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். பதில்களில் தரவுத்தளத்தின் பெயர் ஒரு முறைகூட வரவில்லையென்றால் மீளாய்வு அங்கேயே முடிந்துவிட்டது. பதிலாக யாருடைய பெயர் திரும்பத் திரும்ப வருகின்றதோ, அவரே நிறுவனத்தின் உண்மையான அறிவுக் களஞ்சியம். அவர் எப்போது ஓய்வு பெறுகின்றார் என்பது அடுத்த கேள்வி.

3. தேடிக் கிடைக்காதவற்றைப் பார்த்தல். ஊழியர்கள் என்ன சொல்லைத் தட்டித் தேடினார்கள், எதற்கு விடை கிடைக்கவில்லை என்ற பட்டியலைத் தேடுபொறியிலிருந்து எடுக்க முடியும். எந்த அறிவு தேவைப்படுகின்றது என்பதை அதைவிட நேரடியாகச் சொல்லும் ஆவணம் வேறில்லை.

4. பழையதை நீக்குதல். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு பொறுப்பாளரும் மீண்டும் சரிபார்க்க வேண்டிய திகதியும் இருக்க வேண்டும். திகதி கடந்தும் யாரும் சரிபார்க்காததை எடுத்துவிட வேண்டும். காலாவதியான குறிப்பு, குறிப்பே இல்லாததைவிடக் கெடுதி.

5. சென்ற மீளாய்வைப் பார்த்தல். போன வருட அறிக்கையில் சொன்னவற்றில் எவை நிறைவேறின, நிறைவேறாதவற்றுக்கு யார் பொறுப்பு என்பதிலிருந்தே இந்த வருட மீளாய்வு தொடங்க வேண்டும். நாசாவின் 10 வருடங்கள் சொல்வது இதைத்தான்.

பெரிய மீளாய்வுக்காக வருடம் முழுவதும் காத்திருக்கவும் தேவையில்லை. அமெரிக்க இராணுவத்தில் ஒவ்வொரு பயிற்சியின் பின்னரும் பங்குபற்றியவர்கள் கூடி நான்கு கேள்விகளைக் கேட்பது வழக்கம். என்ன நடக்க வேண்டியிருந்தது? என்ன நடந்தது? ஏன் வேறுபட்டது? அடுத்த முறை என்ன செய்யலாம்? இதற்கு மென்பொருளோ விசேட நிதியோ தேவையில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கூட்டத்தில் தவறை ஒப்புக்கொண்டவரின் பதவி உயர்வில் கை வைக்கக் கூடாது. ஒரு தடவை அப்படி நடந்தாலும் அடுத்த கூட்டத்தில் எல்லோரும் எல்லாம் நன்றாக நடந்தது என்றே சொல்வார்கள்.

மறுப்புகள் சில

அறிவை அளக்க முடியாது, எனவே எண்ணக்கூடியதையாவது எண்ணுவோம் என்று முகாமையாளர்கள் சிலர் வாதிடுவதுண்டு. இதில் பாதி உண்மை. விற்பனை அதிகரித்தால் அதற்கு அறிவுப் பகிர்வுதான் காரணமா, சந்தை நிலைமை காரணமா என்று பிரித்துச் சொல்வது கடினம்தான். ஆனால் அளக்கக் கடினமானது என்பதற்காகப் பொருத்தமற்றதை அளந்தால் ஊழியர்கள் அந்தப் பொருத்தமற்றதையே உற்பத்தி செய்வார்கள். 10 ஊழியர்களிடம் நேரில் போய்க் கேட்பது துல்லியமான அளவீடு அல்ல. ஆயினும் 10,000 ஆவணங்கள் என்ற துல்லியமான எண்ணைவிட அது அதிகம் சொல்லும்.

சர்வதேச நியமங்கள் இருக்கின்றனவே என்பது இன்னொரு வாதம். தர முகாமைத்துவ நியமமான ஐ.எஸ்.ஓ. 9001இன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு நிறுவன அறிவைப் பேண வேண்டும் என்று கேட்கின்றது. 2018இல் அறிவு முகாமைத்துவத்துக்கென்றே ஐ.எஸ்.ஓ. 30401 வெளிவந்தது. உள்ளகக் கணக்காய்வும் முகாமைத்துவ மீளாய்வும் அதில் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. இவை நல்ல முயற்சிகள். ஆனால் கணக்காய்வாளர் வருவதற்கு முந்திய வாரத்தில் அவசரமாக நிரப்பப்படும் கோப்புகளைக் கண்டவர்களுக்கு, நியமம் ஒன்று மட்டும் காப்பாற்றாது என்பது தெரியும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி எல்லா ஆவணங்களையும் அதுவே படித்துப் பதில் சொல்லும் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. தேடும் சிரமத்தை அது பெருமளவு குறைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எழுதப்படாத தோல்வியை அதனால் படிக்க முடியாது. காலாவதியான குறிப்பை அது அழகான வசனத்தில் எடுத்துச் சொல்லிவிடவும் கூடும். எனவே சரிபார்த்தலும் நீக்குதலும் முன்பைவிட இப்போது அதிகம் தேவைப்படுகின்றன.

முடிவாக

அறிவு முகாமைத்துவ மூலோபாயம் என்பது ஒரு முறை எழுதி, சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டி வைப்பதற்கானது அல்ல. தொழிலைச் செய்பவர்கள் தாமே எழுதி, தாமே சரிபார்க்கும்போது அது உயிர்பெறும் என்பதை ஸெரொக்ஸ் காட்டியது. பரிசும் புள்ளியும் அதை எப்படித் திசைதிருப்பும், திரும்பியதை எப்படிச் சரிசெய்யலாம் என்பதை இன்போசிஸ் காட்டியது. மீளாய்வு அறிக்கையே இன்னொரு படிக்கப்படாத ஆவணமாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதை நாசா காட்டியது.

ஆகவே புதிதாக இத்தகைய மூலோபாயம் ஒன்றை வகுக்கும் நிறுவனம், மென்பொருளுக்கான கேள்விப்பத்திரம் கோருவதற்கு முன்னர் ஒரு சிறு வேலையைச் செய்யலாம். அடுத்த 5 வருடங்களில் ஓய்வு பெறவுள்ளவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் பழகுவதற்கு ஓர் இளையவரை இப்போதே அமர்த்தலாம். ஒரு வருடம் கழித்து அந்த இளையவரிடம் போய், "அவர் இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியுமா?" என்று கேட்கலாம். அவர் தரும் பதிலைவிட நேர்மையான மீளாய்வு அறிக்கை அந்த நிறுவனத்துக்குக் கிடைக்கப்போவதில்லை.